கோடு போடாத நோட்டு

என் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டு இருக்கிறது. கோடு போடாதது, நீல அட்டை, மேலே ஒரு ரப்பர் பேண்டு. அது எங்கள் அலுவலகத்தின் தபால் பிரிவு அக்காவுடையது. என்னைவிட இளையவர்தான், எல்லோரும் அக்கா என்றதால் நானும் அப்படியே அழைத்தேன். நான் பிறவிச் சந்தேகக்காரன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால்கூடச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அப்படிப்பட்டவனுக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து, நிமிர்ந்து என்னைப் பார்ப்பதும் குனிந்து எதையோ எழுதுவதுமாக இருந்தால் எப்படி இருக்கும்?

அந்தச் சமயம் என்மேல் ஒரு மொட்டைப் பெட்டிஷன் வந்திருந்தது. அரூர் பஸ்ஸைப் பிடிக்க நான் தினமும் முன்கூட்டியே நழுவிவிடுகிறேன் என்று யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். எழுதியது உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். சாயங்கால ஊசியை நான்தான் போடவேண்டும். இன்னொரு பெட்டிஷன் வந்தால் எங்காவது தூரமாகத் தூக்கியடித்துவிடுவார்கள். எழுதிய ஆளைக் கண்டுபிடிப்பதே எனக்கு முழுநேர வேலையாகிப்போனது.

ஒருநாள் அக்கா தண்ணீர் பிடிக்கப் போனபோது அவர் மேஜையை எட்டிப் பார்த்தேன். திறந்த நோட்டின்மேல் ஒரு ஃபைல் கிடந்தது. பக்கத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது: ‘11.10 – 11.15, ஜன்னல் சீட்டு.’ ஜன்னல் சீட்டு நான்தான். அதற்குக் கீழேயும் நேரங்கள், ஜன்னல் சீட்டுகள். அவர் திரும்பி வருவதற்குள் என் சீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் மேலாளர் அறைக்குள் போய், “அக்கா நம்ம எல்லாரையும் டைம் போட்டு எழுதி வெக்கறாங்க சார்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் உடனே எல்லோர் முன்னாலும் நோட்டை வாங்கிப் பிரித்தார். முதல் பக்கத்தில் ‘எதை வரைவது?’ என்று கேள்வி. அடியில் பதில்: முத்திரைக் கட்டை, பசை பாட்டில், டீ டம்ளர், வாசல் செருப்பு. மேஜைமேலும் கண்ணெதிரிலும் இருந்ததையெல்லாம் வரைந்து பழகியிருக்கிறார். முதல் செருப்பு வாடிய கத்தரிக்காய் மாதிரி இருந்தது. இருபது பக்கம் தள்ளி வந்த செருப்பில், தைத்த வாரைப் பார்த்தே அது வாட்ச்மேனுடையது என்று சொல்ல முடிந்தது.

“இந்த டைமெல்லாம் என்னம்மா?”

“அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா ரப்பர எடுத்து அழிக்கத் தோணுதுங்க சார். அதான் டைம் வெச்சிப் பழகறனுங்க.”

அப்புறம் கைகள். பக்கம் பக்கமாக என் இடது கை. “கைதாங்க சார் ரொம்பக் கஷ்டம். ஜன்னல் சீட்டு சார் கைதான் அசையாம ஒரே எடத்துல இருக்குதுங்க” என்றார் அப்பாவியாக. அலுவலகமே சிரித்தது. மேலாளரும் சிரித்துவிட்டு, ஆபீஸ் நேரத்தில் இதெல்லாம் கூடாது என்று கண்டித்தார். அக்கா தலையாட்டிவிட்டு என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். தெரிந்து பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா என்று இன்றுவரை புரியவில்லை. அதன்பிறகு அவர் கையில் பென்சிலை நான் பார்க்கவில்லை. சில மாதங்களில் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெட்டிஷனை எழுதியது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

போன வருஷம் தபால் பிரிவு எனக்கு வந்தது, அவருடைய மேஜையும்தான். இழுப்பறையின் அடியில் இந்த நோட்டு கிடந்தது. மறந்துவிட்டுப் போனாரா, நான் எடுக்கட்டும் என்றே விட்டுப் போனாரா? என் புத்தி இரண்டாவதைத்தான் நம்புகிறது. இப்போது மதிய இடைவேளையில் நானும் பசை பாட்டிலில் தொடங்கி வரைந்து பார்க்கிறேன். நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எதிர் சீட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் ஃபைலை மூடிக்கொள்கிறாள்.

அக்காவின் கடைசிப் படத்தில் என் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மட்டும் இருக்கின்றன. மற்ற இரண்டையும் போட்டுவிட வேண்டும் என்று அதன் பக்கத்தில் இடது கையை வைத்துப் பார்க்கிறேன்; அசையாமல் வைக்க முடியவில்லை. ஓரத்தில் ‘4.20 –’ என்று இருக்கிறது. முடித்த நேரம் இல்லை. நான் மேலாளர் அறைக்குள் போக எழுந்த நேரம் அது.