வைத்தியர் வெற்றிடமாயிருந்த இரண்டு வருடம்

வரலாறு தொகுக்கும் தொழிலில் நூலகத்தில் கழியும் நேரம் குறைவு. பிறர் வீட்டு நாய்களுக்குப் பயந்து படலைக்கு வெளியே நிற்கும் நேரமே அதிகம். பட்டத்தையும் குறிப்பேட்டையும் சுமந்து வீடு வீடாக அலைந்த என் இனத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மன்னார்த் தீவிலுள்ள ஒரு சிறிய வைத்தியசாலை, தன் பழைய வாட்டு ஒன்றுக்கு வெள்ளையடித்து, மருத்துவம் வந்த வழியைக் காட்டும் அறையாக்க விரும்பியது. நாட்டு வைத்தியரான பரியாரிமாரின் ஏடு, பறங்கியர் காலத்துக் குறிப்பு, ஆங்கிலேய அப்போதிக்கரியின் மருந்துத் தராசு, கொதிக்கவைத்துப் போட்ட கண்ணாடி ஊசி என்று அத்தனை நூற்றாண்டுகளையும் ஒரே அறைக்குள் அடக்குவதற்கு என்னை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். வாசலில் தொங்கப்போகும் பலகைக்கு அங்கே பணியாற்றிய வைத்தியர்களின் பெயர்களையும் நானே திரட்ட வேண்டும். கோப்பில், போர்க்காலத்து இரண்டு வருடங்களுக்கு நேரே ஒரே சொல் இருந்தது: வெற்றிடம். அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியே என் ஒப்பந்தம் தீர்ந்தது. அதைப்போல் மனம் நிறைந்த ஓராண்டு பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கல்வம்

பேசாலையில், பரியாரி பரம்பரை ஒன்றின் வீட்டில் மருந்தரைக்கும் கல்வம் இருப்பதாக அறிந்து போனேன். இருந்தது, குசினியில், உள்ளியும் மிளகும் அப்பியபடி. வீட்டுக்காரி பிலோமினா அக்காவுக்கு அதன் வயதையும் அருமையையும் பல்கலைக்கழகத் தமிழில் எடுத்துரைத்தேன். அவர் ஒருகணமும் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கொண்டு போங்கோ மிஸ், நல்லாக் கொண்டு போங்கோ. உள்ளியை நான் உங்கட சரித்திரத்துக்கு மேல வைச்சு அரைக்கிறன்.”

வலை முடிச்சு

வெறுங்கையோடு எழுந்த என்மீது அவருடைய கணவர் செபமாலை இரக்கப்பட்டார். கடற்றொழிலாளி. சட்டைக் கையை மேலே இழுத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடிய தழும்பைக் காட்டினார். அந்த இரண்டு வருடத்தில், படகு இயந்திரம் கிழித்த கை அது. வைத்தியசாலையில் வைத்தியரும் இல்லை, தையல் நூலும் முடிந்துவிட்டது. இருந்தவர் சூசைமுத்து என்ற அற்றன்டன் மட்டுமே. வாட்டுக் கூட்டவும் நோயாளியைத் தூக்கவும் நியமிக்கப்பட்ட சிற்றூழியர். கிழிந்த வலை பொத்தும் குடும்பத்தில் பிறந்த அவர், வலைக்குப் பயன்படும் தங்கூசி என்ற நைலோன் நூலைக் கேத்திலில் கொதிக்கவைத்து, தமக்குத் தெரிந்த முடிச்சையே கையிலும் போட்டிருக்கிறார். சத்திரசிகிச்சை நூலிலும் நைலோன் உண்டு என்பதைப் பின்னர் வாசித்தேன். சூசைமுத்து எதையும் வாசித்துச் செய்யவில்லை. கைக்கு எட்டியது அதுதான்.

செபமாலை தழும்பைத் தடவிக்கொண்டு பெருமையோடு சொன்னார்: “டொக்டர் போட்ட தையல் எண்டால் ஏழு நாளில வந்திடும், தங்கச்சி. இது சூசையண்ணையின்ர முடிச்சு. வெட்டி எடுக்க அவரே ரெண்டு பிளேட் முறிச்சவர்.”

நாக்கு

அதன்பின் கல்வத்தை விட்டுவிட்டு சூசைமுத்துவைத் தேடத் தொடங்கினேன். பெருநிலப்பரப்பில் வயல் கூலிக்குப் போகும் பழனியம்மாவைக் கண்டேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். சண்டைக்குத் தப்பிப் பிள்ளைகளோடு தீவு முகாமில் இருந்தபோது குடும்பத்துக்கே மலேரியா. கசக்கும் குளிசையைக் கன்னத்தில் ஒதுக்கி, வெளியே போய் மணலில் துப்புவது முகாமின் பொதுப் பழக்கம். சூசைமுத்து அதைக் கண்டுபிடித்து, விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, விழுங்கிய ஒவ்வொருவரும் நாக்கை நீட்டிக் காட்டினால்தான் வழி விட்டாராம்.

“பேரெல்லாம் தெரியாதும்மா, டாக்டருன்னுதான் கூப்புடுவோம். கூப்புட்டா கோவம் வந்துரும். ‘நான் டாக்டர் இல்ல, நீ நாக்க நீட்டு’ம்பாரு.”

கடிதம்

சூசைமுத்துவின் மகள் ரெஜினா அதே வைத்தியசாலையில் மருத்துவமாது. நான் விசாரிப்பதை அறிந்து, தேநீர் வேளையில் என் மேசைக்கு வந்து அமர்ந்தார். போரில் அடைபட்ட பாதை திறந்து, வைத்தியர் வந்து சேர்ந்த பிறகு, மேலிடத்திலிருந்து சூசைமுத்துவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. எந்த அதிகாரத்தின் பேரில் தைத்தீர், எந்த அதிகாரத்தின் பேரில் மருந்து கொடுத்தீர், விளக்கம் தருக. அந்த இரண்டு வருடமும் ஒரு கடிதம் எழுத நேரமில்லாத மேலிடம் அது. அவர் பதில் எழுதவில்லை. ஓய்வுபெற்ற அன்று வெளியேறியவர், அதன்பின் அந்தக் கேற்றைத் தாண்டவேயில்லை. பிறஷர் குளிசைக்கும் எங்கள் வாசலைக் கடந்து பஸ் ஏறி வேறிடம் போகிறார்.

ரெஜினா அழவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்பாவுக்கு இப்ப கண் பாதிதான் தெரியுது, மிஸ். பேர் போடுறதெண்டால் மிச்சமும் போக முதல் போடுங்கோ.”

தலைப்பு

பொறுப்பு வைத்திய அதிகாரி கெட்டவரல்லர். சுற்றுநிருபங்களை அதிகம் வாசித்தவர், அவ்வளவுதான். அற்றன்டனை வைத்தியர் பலகையில் போட்டால் நாளைக்கு அம்புலன்ஸ் சாரதியும் கேட்பார் என்றார். இரண்டு வருடம் வைத்தியசாலையைத் தனியே சுமந்திருந்தால் அவரையும் போடுங்கள் என்றேன். ‘வெற்றிடம்’ என்று எழுதுவதானால் தொகுத்தவர் என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள், பொய்க்குக் கையெழுத்து வைக்க நான் பட்டம் எடுக்கவில்லை என்றும் சொன்னேன். கூட்டத்திலிருந்த மற்றவர்கள் தேநீரோடு வைத்த பற்றிஸைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

அவர் கோப்பால் விசிறிக்கொண்டார். பிறகு பேனையை எடுத்து, பலகைக்கான தாளில் ‘வைத்திய அதிகாரிகள்’ என்ற தலைப்பை வெட்டி, ‘இவ்வைத்தியசாலையைப் பார்த்துக்கொண்டவர்கள்’ என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

“இப்ப சட்டப்படியும் சரி, மிஸ். ஆனால் அந்த மனுசனைச் சம்மதிக்க வைக்கிறது உங்கட பாடு.”

பிழைத்தவர்கள்

ஓலைத்தொடுவாயில் தம் வீட்டு வேலியோரமாய்க் கதிரை போட்டு அமர்ந்திருந்தார் சூசைமுத்து. நற்செய்தி கொண்டுவந்த களிப்பில், செபமாலையின் கையையும் பழனியம்மாவின் நாக்கையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பிழைச்ச ஆக்களிட்டைத்தானே கேட்டனீங்கள், பிள்ளை? பிழைக்காத ஆக்கள் வந்து சொல்லமாட்டினம். அவையின்ர முகம் எனக்குத் தெரியும்.”

எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. குறிப்பேட்டை மூடினேன். எழும்பப் போனபோது அவரே கூப்பிட்டார்.

“போடுங்கோ. ஆனால் அற்றன்டன் எண்டு போடுங்கோ. டொக்டர் எண்டு போட்டியளோ, நான் வரமாட்டன்.”

துண்டு

திறப்பு நாளன்று வெள்ளைச் சட்டையும் சாரமுமாய், மகளின் தோளைப் பிடித்து வந்தார். கேற்றடியில் நின்றார். செருப்பைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். ரெஜினா இழுக்கவில்லை, நான் வேறு பக்கம் பார்த்தேன். உள்ளே வந்து, மூக்கு முட்டுமளவு பலகைக்குக் கிட்ட நின்று, பட்டம் பெற்ற பெயர்களுக்கு நடுவே தம் வரியை எழுத்தெழுத்தாய் வாசித்தார்: சூசைமுத்து, அற்றன்டன். மறுபடியும் வாசித்தார்.

உரைகள் முடிந்து பொன்னாடை போர்த்தத் தேடியபோது ஆளைக் காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாரென்று பதறி வெளியே ஓடினோம். வெளிநோயாளர் பிரிவில், நோயாளிகளோடு நோயாளியாய், வரிசையாய்ப் போட்ட வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“வந்தது வந்தாச்சு, பிறஷரையும் இஞ்சையே பாத்திட்டுப் போவம். நம்பர்த் துண்டு எங்க பிள்ளை எடுக்கிறது?”

மருத்துவத்தின் முழு வரலாற்றையும் ஓர் அறைக்குள் அடக்கப் போன நான், ஓராண்டு முடிவில் உருப்படியாய்ச் செய்தது, ஒருவரை அவருடைய சொந்த ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் பதிந்ததுதான்.