குளியல் தொட்டியில் முட்டைக்கோஸ்

மலேசியாவில் மலாக்காவுக்குப் பக்கத்திலுள்ள தங்கா பத்துவுக்கு மருமகளாக வந்த புதிதில், காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்பார்கள். சாப்பிட்டாயா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள் என்று தெரியாமல், "எனக்குப் பசியே இல்லையே" என்று பதில் சொல்வேன். கேட்டவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போவார்கள். தூத்துக்குடியில் என் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. அங்கே நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அந்தச் சிரிப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் கணவரின் தங்கை ஸ்டெல்லா எங்களோடுதான் இருக்கிறாள். மலாக்கா டவுனில் நண்பர்களோடு சேர்ந்து பழைய படங்களைத் திரையிடுவாள்; குறும்படமும் எடுப்பாள். ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துப் போனாள். ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய இட்டிஷ் மொழியில், படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில் வந்த நகைச்சுவைப் படம். குக்கிராமத்துப் பெண் ஒருத்திக்கு நகரத்து மாப்பிள்ளை பேசுகிறார்கள். அவன் முன்கூட்டியே ஒரு குளியல் தொட்டியை அனுப்பிவைக்கிறான். ஆயுசு முழுக்க ஆற்றில் குளித்த பெண்ணின் அம்மா, அதில் ஊருக்கே முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை வந்து பார்த்துத் தலையில் கை வைக்கிறான். பிறகு ஊறுகாயை ருசி பார்த்துவிட்டு, தொட்டி காலியாகும்வரை ஊரைவிட்டுக் கிளம்ப மறுக்கிறான். கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

திரும்பும் வழியில் காரில் ஸ்டெல்லா சொன்னாள்: "அண்ணி, இதே மாதிரி நம்மளும் ஒண்ணு எடுக்கப் போறோம். இந்தியா கம்போங்ல இருந்து எஸ்டேட்டுக்கு ஒரு பொண்ணு கட்டிக்கிட்டு வருது. வாஷிங் மெஷின்ல அரிசி கழுவுது. நீங்கதான் அந்தப் பொண்ணு. நடிக்கவே வேணாம், சும்மா பேசினா போதும்."

"தூத்துக்குடி ஒண்ணும் கிராமம் இல்ல. எங்க வீட்டுல வாஷிங் மெஷின் இருந்துச்சே ஸ்டெல்லா."

"ஜோக்குதான் லா அண்ணி." இங்கே யார் எது சொன்னாலும் வாலில் ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும்.

அந்த இட்டிஷ் படத்தை எடுத்தவர்கள் தங்கள் அம்மாவைப் பார்த்துத் தாங்களே சிரித்தார்கள். கடைசியில் அவளை ஜெயிக்கவும் வைத்தார்கள். உன் கதையில் அந்தப் பெண் எங்கே ஜெயிக்கிறாள் என்று கேட்டேன். "அவ கத்துக்கிறா அண்ணி. எங்கள மாதிரி ஆயிடுறா" என்றாள். எனக்குச் சுரீரென்றது. என்னைப் போல வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த பெண்களைக் கேட்கிறேன்: வந்த பிறகுதானா நாம் மனுஷியானோம்?

"உங்க தாத்தாவும் அங்கேருந்து கப்பல்ல வந்தவர்தான?"

"அது வேற லா. நாங்க இந்த ஊரு."

அவள் தாத்தா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். அவர் பேச்சைக் கேட்டுத் தோட்டத்துத் துரையும் இப்படித்தான் சிரித்திருப்பான். நடிக்க மாட்டேன் என்றேன். சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்றார் கணவர். ஸ்டெல்லா அசரவில்லை. "அப்ப நானே நடிச்சிக்கிறேன்" என்றாள்.

மனம் ஆறாமல் நேற்று தூத்துக்குடியில் இருக்கும் அக்காவைக் காணொளியில் அழைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். "எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்றாங்க லா" என்றபோது அக்கா சிரித்துவிட்டாள். அத்தானையும் பிள்ளைகளையும் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இன்னொருக்க சொல்லு. மலேசியாக்காரி மாதிரியே பேசுத."

திரையை நிறைத்து அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் சின்னதாக என் முகம். அடுத்த அறையில் ஸ்டெல்லா கண்ணாடி முன் நின்று, தூத்துக்குடித் தமிழில் என் குரலைப் பழகிக்கொண்டிருந்தாள்.