வாசல் வரைந்த நான்கு தாள்கள்

செஞ்சியில் பி.எஸ்சி. கணிதம் படித்தபோது நாங்கள் நான்கு பெண்கள் ஒரு கூட்டு. நால்வர் வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நாங்கள்தான். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு ஆங்கிலப் பாடம் தலைக்கு மேலே போனது. பேராசிரியர் பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார். சந்தேகம் கேட்டால், புரிகிறவர்களுக்குப் புரியும் என்பார். பெரிய தத்துவம்.

சாயங்காலம் அவலூர்பேட்டை பஸ் வரும்வரை காலி வகுப்பில் உட்கார்ந்து படிப்போம். எங்களுக்குள் ஒரே சட்டம். புரியாதவள்தான் சாக்பீஸ் பிடிக்க வேண்டும்; புரிந்தவள் அதைத் தொடக் கூடாது, வாயால் வழி சொல்லலாம். சண்டை வரும், அழுகை வரும். கணக்கும் வந்தது.

எங்களில் கெட்டிக்காரி மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திக் கல்யாணம்தான் என்று அவளுடைய நைனா சொல்லி வைத்திருந்தார். முடிவில்லாத எண்வரிசை ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போனால் அது ஏன் ஒரு வரம்புக்குள் அடங்கும் என்பது எங்கள் மண்டையில் ஏறவே இல்லை. அவள்தான் ஏற்றினாள்.

"அமாவாசைக் கூட்டம் மாதிரிதான்டி. எவ்ளோ பேர் வந்தாலும் கோயில் வாசல்ல வந்து நெருக்கிக்குது. வெளிய சிதறி நிக்கிறது கொஞ்ச பேருதான், அவங்கள எண்ணிடலாம்."

சாக்பீஸ் அன்று என் கையில் இருந்தது. ஒரு வாசலும் அதற்கு வெளியே சில புள்ளிகளும் வரைந்தேன். அதன்பிறகு அந்த நிரூபணத்தை எழுதும்போதெல்லாம் நால்வருக்கும் வாசல் தானாக வந்துவிடும்.

உள்தேர்விலும் வந்தது. நான்கு மூலையில் உட்கார்ந்து எழுதியிருந்தோம். அதை யார் யோசித்தார்கள்? நான்கு தாளிலும் ஒரே வாசலைப் பார்த்துவிட்டு, காப்பி அடித்ததாகப் பேராசிரியர் எங்களை எழுப்பி நிறுத்தினார். அது யாருடைய விடை என்று சொன்னால் அவளை மட்டும் விட்டுவிடுவதாகச் சொன்னார். கெட்டிக்காரியாவது தப்பட்டும் என்று நாங்கள் மூவரும் அவளைக் கை காட்டினோம். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாலு பேருதும்தான் சார்."

தனித்தனியாகப் பலகையில் போட்டுக் காட்டுகிறோம் என்று கெஞ்சினேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்று நால்வருக்கும் சைபர் போட்டார். உள்மதிப்பெண் இல்லாமல் அந்தப் பேப்பர் போயிற்று. நாங்கள் மூவரும் அரியர் எழுதித் தேறினோம். அவள் அந்தத் தை மாதமே கழுத்தை நீட்டினாள்.

இப்போது அதே கல்லூரியில் குழுவாகச் சேர்ந்து படிப்பதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். முன்னாள் மாணவி என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகள் கூடிப் படித்தால்தான் கணிதம் வரும் என்று அதே பேராசிரியர் மைக்கில் முழங்கினார். என் முறை வந்ததும் நான் பேச்சை விட்டுவிட்டு, பலகையில் வாசலை வரைந்து நிரூபணத்தை எழுதினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது.

"பிரமாதமா இருக்குதேம்மா. எந்த புக்ல இருக்குது?"

"நீங்க சைபர் போட்ட தாள்ல சார்."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே எனக்குச் சால்வை போர்த்தினார்.