தலைவர் பக்கத்துல நின்னவங்க

என் தையல் கடைக்கும் போட்டோக்கார அண்ணனோட ஸ்டுடியோவுக்கும் நடுவுல ஒரே ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் மெஷினை மிதிச்சா அந்தப் பக்கம் அவர் மேசை ஆடும். "டெய்லரம்மா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, மூக்குல இருக்கேன்!"னு கத்துவார். யார் மூக்குன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தொழில் ரகசியமாம்.

ஊர்ல அவருக்கு அழிரப்பர்னு பேர். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூட குரூப் படம் எல்லாம் எடுப்பார்தான். ஆனா அது டீச்செலவுக்கு. சோறு போட்டது தலைவர் ஆபீஸ். எங்க தொகுதிக்கு இருபது வருஷமா ஒரே தலைவர்தான். அவர் ஆபீஸ் சுவர் முழுக்கப் படம். தலைவர் காண்டிராக்டரோட, தலைவர் டாக்டரோட, தலைவர் பள்ளிக்கூடம் நடத்துறவரோட. அப்புறம் ஒரு நாள் அந்த டாக்டர் டாக்டரே இல்லன்னு தெரிய வரும், இல்ல பள்ளிக்கூடக்காரரைப் போலீஸ் தேடும். மறுநாள் காலையில தலைவரோட பி.ஏ. படத்தைச் சுவத்துல இருந்து கழட்டித் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வந்துடுவார். தூக்க வேண்டிய ஆள் தலைமேல சிவப்புப் பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும்.

நம்ம ஆள் ரெண்டே கேள்விதான் கேட்பார். எத்தனை பேர்? எப்போ வேணும்? எதுக்குன்னு ஒருநாளும் கேட்டதில்ல. "அதைக் கேட்டா என் பொழப்பு என்ன ஆகுறது"ம்பார்.

வேலை சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம், பொய் சொல்லக்கூடாது. ஆளைத் தூக்குறது பெரிசு இல்லையாம். அந்த ஆள் தலைவர் தோள்மேல கை போட்டிருப்பான் பாருங்க, அந்தக் கையை எடுத்துட்டு அடியில இருக்கிற தோளை வரையணும், அங்கதான் இருக்காம் வித்தை. ஒரே ஒரு தடவை கோட்டை விட்டார். ஆளை எடுத்துட்டுக் கையை மறந்துட்டார். அந்த வருஷக் காலண்டர்ல தலைவர் தோள்ல யாரோடதோ ஒரு கை மணிக்கட்டோட தொங்கிக்கிட்டிருந்தது. அதை மக்களோட கைன்னு சொல்லிக் கட்சிக்காரங்க சமாளிச்சாங்க. கை தட்டவும் ஆள் இருந்தது, என்னத்தைச் சொல்ல!

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூத்து. தலைவருக்கு ரயில்வே கேட்டுக்குப் பின்னாடி இன்னொரு வீடு இருக்குன்னு தெரிஞ்சது. வீடுன்னா வீடு மட்டும் இல்ல. பன்னிரண்டு படம் வந்தது ஆளை அழிக்கிற டச்சிங்குக்கு, பன்னிரண்டுலயும் அந்த வீட்டு அம்மா. ஊரே மூணு மாசம் வேற பேச்சு பேசல. அந்த அம்மா என்ன கலர்ல செருப்பு போடுறாங்கன்னு வரைக்கும் தெரியும் எல்லாருக்கும். எதிர்ல டீக்கடையில ரெண்டு கட்சி. வீட்டுல ஏமாத்துறவன் ஊரை விட்டு வைப்பானான்னு ஒரு கட்சி. அது அவர் சொந்த விஷயம், கால்வாய்க்குப் பாலம் கட்டிக் கொடுத்தாரா இல்லையான்னு இன்னொரு கட்சி.

நான் பாலத்துக் கட்சி. வெட்கமில்லாமச் சொல்றேன். அவர் எந்த வீட்டுல தூங்கினா எனக்கென்ன, எனக்குக் கால்வாயைத் தாண்டிக் கடைக்கு வரணும். அழிரப்பர் அண்ணன் முதல் கட்சி. மனுஷனுக்கு ஒழுக்கம்னா உசிரு. "நான் தூக்கின முகம் அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கு டெய்லரம்மா, அதுல ஒருத்தன்கூட யோக்கியன் கிடையாது"ன்னு சத்தியம் பண்ணுவார்.

"அப்போ அத்தனை பேரையும் பக்கத்துல வச்சிருந்த தலைவர்?"

"அவர் பாவம், இளகின மனசு. யார் வந்தாலும் நிக்க விட்டுடுவார்."

தலையில அடிச்சுக்கிட்டேன். வேற என்ன பண்றது? அவர் திட்டினது எல்லாம் தலைவரை இல்ல, அந்த அம்மாவைத்தான்.

அவருக்கு ஒரே பொண்ணு. அம்மா இல்லாத பிள்ளை. எட்டு வயசுல இருந்து அவளுக்கு யூனிஃபார்ம் தைச்சுக் கொடுத்தது நான், முதல் தடவை வேலைக்குப் போனப்போ போட்ட சட்டையும் நான் தைச்சதுதான். என்னை அத்தைன்னுதான் கூப்பிடுவா. ரத்தப் பரிசோதனை பண்ற லேப்ல வேலை. அங்கேயே கூட வேலை பார்க்கிற பையனைப் பிடிச்சுப் போச்சு. நல்ல பையன், சட்டைக்கு அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துக்கிட்டு நிக்காத ஒரே ஆம்பிளை. ஒரு ஞாயித்துக்கிழமை அவன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்டுடியோ மாடிக்கு வந்தான், பேசி முடிக்க.

அவன் அப்பா ஒல்லியா, உயரமா, ரிட்டயர் ஆன பின்னாடியும் சட்டைப் பையில பேனா குத்தியிருந்தார். உக்காந்தார், கும்பிட்டார், சிரிச்சார். நம்ம அண்ணன் முகத்துல ஈயாடல. டீ டம்ளரைக் கீழ வச்சுட்டு என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டார்.

"டெய்லரம்மா, இந்த ஆளை நான் அழிச்சிருக்கேன்."

"என்ன உளர்றீங்க?"

"இந்தக் காதை எங்க பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். இடது காது வெளியே மடங்கியிருக்கு பாருங்க. மூணு படத்துல இருந்து தூக்கியிருக்கேன்."

"எதுக்குத் தூக்கினீங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அடக் கடவுளே! அதைச் சொன்ன பின்னாடியாவது ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா மனுஷன்? விறுவிறுன்னு மேல போனார். "தப்பா நினைக்காதீங்க, இந்தச் சம்பந்தம் சரிப்படாது"ன்னு நின்னுக்கிட்டே சொல்லிட்டார். அந்தப் பையன் அம்மா கையில டம்ளரோட அப்படியே எழுந்தாங்க. எங்கே வைக்கிறதுன்னு தெரியாம என் கையில கொடுத்துட்டுப் போனாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது.

பொண்ணு அழல. அழுதிருந்தாத் தேவலை. "காரணம் சொல்லுங்கப்பா"ன்னா.

"தலைவரே பக்கத்துல வேண்டாம்னு ஒதுக்கின ஆள்மா அவர்."

"அந்தத் தலைவரா? காரணம் தெரியாம என் வாழ்க்கையில பெருக்கல் குறி போடாதீங்க. ஒரு வாரம் டைம். சரியான காரணமா இருந்தா நானே அவனை விட்டுடுறேன். இல்லன்னா நான் அவனோட போயிடுவேன், இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அவ சொன்னதைச் செய்யிறவ. அண்ணனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். அவ போயிட்டா அந்த மனுஷன் ஒரு வருஷம் தாங்க மாட்டார்.

பி.ஏ.கிட்ட கேட்கலாம்னா, இருபது வருஷமா கேட்காத ஆளு இன்னைக்குக் கேட்டா என்ன நினைப்பார்னு பயம். கடைசியில அவர் பழைய பெட்டியைத் திறந்தார். வந்த படத்தை எல்லாம் தொடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைக்கிற பழக்கம் அவருக்கு. தேடித் தேடி மூணு படத்தையும் எடுத்தோம். மூணும் ஒரே இடம், கால்வாய்க் கரை. பாலத்துக்கு அடிக்கல் நாட்டின அன்னைக்கு எடுத்தது. தலைவருக்கு வலது பக்கம் கையில சுருட்டின வரைபடத்தோட, மடங்கின காதோட, அவர்.

அந்த ராத்திரி வரைக்கும் காத்திருக்காம பொண்ணு பையனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டா. மூடி மறைக்க என்ன இருக்கு, அவன் சொல்லிட்டான். அவன் அப்பாதான் பாலத்துக்கு இன்ஜினியர். சிமெண்ட்டை எடுத்துக் கையில தேய்ச்சுப் பார்த்தார், கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். ஒரே வாரத்துல தூக்கி எங்கேயோ ஒரு மூலைக்கு மாத்திட்டாங்க. வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டார். காண்டிராக்ட் எடுத்தது தலைவரோட மச்சான். அந்தப் பாலம் மூணு வருஷம் நின்னது. நாலாவது வருஷ மழையில ஒரு பக்கம் இறங்கிப் போச்சு. நான் இப்போ தினம் அரை மணி நேரம் சுத்திக்கிட்டு வர்றேன், முட்டி வலியோட. தலைவரோட அந்த வீட்டைப் பத்தி மூணு மாசம் பேசின ஊரு, பாலத்தைப் பத்தி ரெண்டே நாள் பேசுச்சு. மழை ஜாஸ்தின்னாங்க, முடிஞ்சது. நானும் மழையைத்தான் திட்டினேன். பாலம் பாலம்னு தொண்டை கிழியக் கத்தினவ, அதைக் கட்டினது யார் வீட்டுச் சொந்தம்னு பார்த்தேனா?

அண்ணன், தான் திருத்திக் கொடுத்த படத்தோட காப்பியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தார். இன்ஜினியர் இருந்த இடத்துல தலைவரோட மச்சான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான். ஓரத்துல இருந்தவனை நகர்த்திக் கொண்டுவந்து நடுவுல நிறுத்தினது நம்ம அண்ணன்தான். அந்தச் சுருட்டின வரைபடத்தைக்கூட அழகா அவன் கையிலேயே கொடுத்திருந்தார். பெட்டியை நான்தான் மூடி வச்சேன்.

மறுநாளே இன்ஜினியர் வீட்டுக்குப் போனோம், அண்ணன், பொண்ணு, நான். அண்ணன் ஒண்ணையும் ஒளிக்காமச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இன்ஜினியர் பொறுமையாக் கேட்டார்.

"என்னை எடுத்ததுல எனக்கு வருத்தமே இல்ல. அந்தக் கூட்டத்துல நான் இல்லன்னு நாலு பேருக்குக் காட்டினீங்க, உபகாரம்தான். ஆனா இருபது வருஷமா அவங்ககூட இருந்தது நீங்களாச்சே?"

"நான் ஒரு படத்துலகூட இல்லையே சார்!"

"நீங்க இல்லாம அந்தச் சுவத்துல ஒரு படமும் இல்ல."

இன்ஜினியர் பொண்ணு பக்கம் திரும்பினார். "உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. நீ என் வீட்டுக்குத் தாராளமா வா. உங்கப்பாவோட பக்கத்துல நின்னு சிரிக்க மட்டும் என்னால முடியாது. கல்யாணத்துல ரெண்டு பேரையும் ஒரே படத்துல நிறுத்தாதீங்க."

"சரிங்க சார்"னார் அண்ணன். பேரம் பேசத் தெரியாத மனுஷன் இல்ல அவர். அன்னைக்குச் சொன்னதை அப்படியே ஏத்துக்கிட்டார். எனக்கு அவர்மேல கோபமும் வந்தது, ஐயோன்னும் இருந்தது.

அடுத்த மாசம் பாலம் இறங்கினதுக்கு அரசாங்க விசாரணை வந்து சூடு பிடிச்சது. பி.ஏ. துணியில சுத்தின படத்தோட ஓடி வந்தார். சிவப்புக் குறி மச்சான் தலையில. அண்ணன் படத்தை வாங்காம, "எதுக்கு எடுக்கணும்?"னார். பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஊசி விரல்ல ஏறிடுச்சு. பி.ஏ. அவரை மேலயும் கீழயும் பார்த்தார், உடம்பு சரியில்லையான்னு கேட்டார், படத்தைச் சுத்திக்கிட்டுக் கிளம்பிட்டார். அடுத்த தெரு ஸ்டுடியோவுல அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்தாங்களாம். அடுத்த தேர்தல்லயும் தலைவர்தான் ஜெயிச்சார், பக்கத்துல யாருமே இல்லாத போஸ்டரோட. தனி மனுஷனா நின்னு உழைக்கிறாராம்!

கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல. கையெழுத்துப் போட்டு முடிஞ்சதும் குரூப் படத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டாங்க. அண்ணன் சத்தமில்லாம வெளிய வந்து பெஞ்சுல உக்காந்துட்டார். "போங்கண்ணே உள்ள"ன்னு நான் பிடிச்சுத் தள்ளுறேன், மனுஷன் அசையல. "வாக்குக் கொடுத்திருக்கேன் டெய்லரம்மா"ங்கிறார். அதுக்குள்ள பொண்ணே வெளிய வந்துட்டா.

"அப்பா, எழுந்திருங்க."

"உன் மாமனார்..."

"அவர் நிக்கிறதும் நிக்காததும் அவர் இஷ்டம். நீங்க பண்ணின வேலை எனக்கு அசிங்கமா இருக்குப்பா. சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். இப்போ வந்து என் பக்கத்துல நில்லுங்க."

கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்த் தன் தோளோட தோள் நிறுத்தினா. இன்ஜினியர் மெதுவா நகர்ந்து நகர்ந்து அந்தக் கோடிக்குப் போனார். "நீங்களும் போகக்கூடாது மாமா. நான் யாரையும் விடுறதா இல்ல"ன்னா. அவர் உத்தரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னார், ஆனா நின்னார். என்னையும் இழுத்து முன்னாடி விட்டா. அண்ணன் அழ ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்ல, மூக்கு ஒழுகுது, முகம் கோணிப் போச்சு. படம் எடுக்க வந்தவன் காமிராவை இறக்கிட்டு, "பரவாயில்ல சார், முகத்தை அப்புறம் சரி பண்ணிக்கலாம்"னான்.

"ஒண்ணையும் தொடாதீங்க, அப்படியே எடுங்க"ன்னா அவ.