சித்திரையில் கூட்டிய கல்

மாடிப்படி துடைக்கிற எங்களுக்குக் குளிர்காலத்தில் அழுக்கைவிடப் பெரிய தொல்லை கல். வழுக்காமல் இருக்க நடைபாதையில் போடும் பொடிக்கல் எல்லாம் சப்பாத்தோடு உள்ளே வரும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு அந்த நறநறச் சத்தம் நித்திரையிலும் கேட்கும்.

வெயில் வந்த நாள்

ஒஸ்லோவில் கடலோரமாக இருக்கும் ஒரு நாலுமாடிக் கட்டடத்தில் படி துடைக்கிறேன். இந்த வருஷம் சித்திரை பிறந்த பிறகும் படகுத்துறையைச் சுற்றி ஐஸ் விலகவில்லை. ஒருநாள் மட்டும் நல்ல வெயில். வாசலில் கல் கிடந்தால் திரும்பத் திரும்ப உள்ளேதானே வரும் என்று, என் வேலையில்லாத வெளிவாசலையும் கூட்டி அள்ளிவிட்டேன்.

முதலாம் மாடியில் பெரித் என்று ஒரு அம்மா தனியாக இருக்கிறார். எண்பத்துநாலு வயது. ஒவ்வொரு காலையும் படகுத்துறைவரை நடப்பார். அன்றைக்கு நின்று பார்த்துச் சொன்னார்: "இன்றைக்குத்தான் வாசல் வாசல் மாதிரி இருக்கிறது."

வாளியோடு நின்ற காலை

இரண்டு நாள் கழித்து, உருகினதெல்லாம் திரும்ப இறுகிவிட்டது. நான் போய்ச் சேர அம்புலன்ஸ் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. பெரித் வாசலிலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாராம். கட்டடத்தைப் பராமரிக்கும் வாக்மெஸ்தர் வெறுந்தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன். வாளி நிரம்பி வழிந்ததும் தெரியவில்லை. பின்னால் அவர் சொல்வது கேட்டது: "இங்கே நான் கல் போட்டேனே, எங்கே போனது?"

மேரி அக்காவின் புத்தி

என்னோடு வேலை செய்யும் மேரி அக்கா மன்னார்க்காரி. ட்வெய்ட்டாவுக்குப் போகிற ரயிலில் அவரிடம் மட்டும் சொன்னேன்.

"வாயைத் திறந்திடாதை. ஐஸை ஆரும் வேலையாலை நிப்பாட்டேலாது, உன்னை நிப்பாட்டலாம்."

"எனக்கு நித்திரை வருகுதில்லை, அக்கா."

"பாவசங்கீர்த்தனம் செய்யவேணுமெண்டா என்னோடை கோயிலுக்கு வா. ஒஃபீசுக்குப் போகாதை."

"நான் சைவமெல்லோ?"

"ஃபாதர் உன்னட்டைச் சாதகமே கேக்கப்போறார்?"

கட்டிலருகே

மூன்று கிழமை கழித்து ஆஸ்பத்திரிக்குப் பெரித்தைப் பார்க்கப் போனேன். யன்னலுக்கு வெளியே அப்போதும் பனி தூறிக்கொண்டிருந்தது. மனுசி பாதியாகிவிட்டார். கால் தளர்ந்துதான் விழுந்தாராம், இனித் தனியாக இருக்க விடமாட்டார்களாம், முதியோர் இல்லத்தில் இடம் பார்க்கிறார்களாம். சுவரைப் பார்த்தபடிதான் சொன்னார்.

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. கல்லைக் கூட்டியது நான்தான் என்றேன். ஏசப்போகிறார் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழும்பி உட்கார்ந்தார். "இவ்வளவு நாளும் என் காலையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்! இதை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, என்னை இல்லத்துக்கு அனுப்பப் பார்க்கிற இவர்களிடம் கொடு."

எட்டாம் வகுப்போடு நின்ற நான் நோர்வே மொழியில் ஒரு பக்கம் முழுதாக எழுதியது அதுதான் முதல் தடவை, அதுவும் என்மேல் நானே எழுதிய முறைப்பாடு.