லண்டன் டொக்டருக்கும் தெரியாத வருத்தம்

எனக்குக் கிரேக்கம் தெரியாது. அதன் வேர்ச்சொற்கள் சில நூறு தெரியும். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பனிகளின் தைலத்துக்கும் பற்பசைக்கும் ஆங்கிலப் பெயர் கட்டிக் கொடுப்பது என் தொழில். இரண்டு பழைய வேர்களை எடுத்து, நடுவில் ஓர் உயிரெழுத்தை வைத்து ஒட்டினால், காலையில் பிறந்த சொல் ஈராயிரம் வயதானதுபோல் நிற்கும். சனம் அதை நம்பும். படித்த சனம் இன்னும் கூடுதலாய் நம்பும்.

அப்போது அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. கொச்சிக்கடையில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் அலுவலகமொன்றில் வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான். கிருலப்பனையிலிருந்து சித்தி தன் மகளின் கலியாணக் கார்டோடு வந்த காலை, அக்கா குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். காரணம் எனக்குத் தெரியும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் சாப்பாட்டுக்கு முன்னமும் பின்னமும் அவளிடம் ஒரே கேள்விதான்: "பிள்ளை, உன்ர எப்ப?" போன தடவை போய்வந்து இரண்டு நாள் தலையிடியோடு படுத்திருந்தாள்.

"அக்கா வரமாட்டா சித்தி. அவவுக்கு ஒரு வருத்தம். சனக்கூட்டத்துக்குள்ள போகக்கூடாதாம்."

"ஐயோ, என்ன வருத்தம்?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. நின்ற நிலையில் ஒரு நோய்ப்பெயரைக் கட்டி, "கமோபியூசால்ஜியா" என்றேன். சித்தி போனை நீட்டி அதை எழுதித் தரச் சொன்னார். எழுதியும் கொடுத்தேன். அவர் போன பிறகு நான் சிரித்ததையும் இங்கே மறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில் தாயோடு இருப்பவர். களஞ்சியசாலை ஒன்றின் பத்திரங்களோடு வாரம் ஒருதரம் அக்காவின் அலுவலகத்துக்கு வருவார். மேசைக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து ஒரு வருடமாகக் கதைத்துப் பழகினார்கள். கடைசியில் அவர் தன் தாயைக் கொண்டு முறைப்படி கேட்க வைத்தார். அக்கா உடனேயே ஓம் என்றாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. சொன்னேன், சிரித்தாள். அவள் ஒன்றுக்கு இவ்வளவு ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முடிவு சொல்வதற்கு முன் பெண்ணின் சொந்தக்காரரிடமே மெல்ல விசாரிப்பார்கள். கேட்ட இடம் சித்தி. "பிள்ளை தங்கம். ஒரேயொரு வருத்தம்தான்," என்று சொல்லி, அந்தச் சொல்லையும் அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளையின் தாய் அதை லண்டனில் டொக்டராக இருக்கும் தன் பெறாமகனுக்கு, தங்கச்சியின் மகனுக்கு, அனுப்பினார். அவன் கேள்விப்பட்டதேயில்லை என்று பதில் போட்டான். லண்டன் டொக்டருக்குத் தெரியாவிட்டால் அப்படியொரு வருத்தம் இல்லை என்று யாரும் நினைக்கவில்லை. அது உலகத்திலேயே அரிய வருத்தமாகிவிட்டது. சாதகத்தை இன்னொருக்கால் பார்க்கவேணும் என்று அங்கிருந்து செய்தி வந்தது. சாதகத்தை இழுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரியும். அக்கா என்ன காரணம் என்று தெரியாமல் மூன்று நாள் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தாள்.

சித்தியிடம் விஷயம் அறிந்த அன்றே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். வெட்கத்தில் காது சுட்டது. மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணி தந்தார்.

"அன்ரி, அது பொய். அப்படியொரு வருத்தமே இல்லை. நான் உண்டாக்கின சொல்."

அவர் நிதானமாகக் கோப்பையை வைத்தார். "தம்பி, வருத்தமெண்டாக்கூட மகன் பரவாயில்லை, நான் பாப்பன் எண்டவன். பொய் சொல்லுற குடும்பத்தோட நான் என்னெண்டு சம்பந்தம் வைக்கிறது?"

வீட்டுக்கு வந்து அக்காவிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்று கேட்டாள்.

"கமோஸ் எண்டால் கலியாணம். பியூசிஸ் எண்டால் விசாரிக்கிறது. அல்ஜியா எண்டால் நோ, வலி." கேள்விக்கு எரோட்டேமா என்று இன்னொரு வேரும் உண்டு, அது காதல் சங்கதிபோல் ஒலிக்கும் என்பதால் விட்டேன் என்பதையும் தொழில் பழக்கத்தில் சொல்லித் தொலைத்தேன்.

"கலியாணத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வாற நோ," என்றாள் அக்கா. "அது எனக்கு இருக்குத்தானே. நீ ஏன் போய்ப் பொய்யெண்டு சொன்னனீ?"

போனை எடுத்து மாப்பிள்ளைக்கே அடித்தாள். "அம்மாட்டச் சொல்லுங்கோ. வருத்தம் உண்மைதான். பேர் மட்டும்தான் தம்பி வைச்சது." பிறகு கருத்தையும் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தாயைச் சம்மதிக்க வைக்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

கலியாணம் வெள்ளவத்தையில்தான் நடந்தது. சாப்பாடு முடிந்து ஆட்கள் கைகழுவப் போகும் நேரம், சித்தி மணவறைப் பக்கம் வந்து அக்காவின் கன்னத்தைத் தடவினார். "வயசு போகுது பிள்ளை. கெதியா ஒரு நல்ல செய்தி சொல்லு, என்ன?"

அக்கா சிரித்த முகத்தை மாற்றாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். பிள்ளைப்பேற்றுக்கு டோக்கோஸ் என்று ஒரு வேர் இருக்கிறது. கமோஸை எடுத்துவிட்டு அதை வைக்க, சொல் உடனேயே வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.