கோபிஸ் தராசில் என் மகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பெற்றேன், செத்துப்போன தங்கச்சியின் பிள்ளையையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்தேன். கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கொழுந்து கிள்ளிய கையால் வளர்த்தேன். ஒரு பிள்ளையையும் பசியோடு படுக்க விட்டதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு சொத்து கிடையாது.

தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான் படித்தேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள், பெரியவனுடைய மகள். "பாட்டி, கோபத்தக் கொஞ்சம் கொறச்சிக்கிட்டு சொல்லுங்க" என்கிறாள். குறைக்க மாட்டேன். எழுத வைப்பதே அதற்காகத்தான்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் என் சம்பந்தியம்மா, அதாவது என் கடைசி மகளின் மாமியார், பெண்களைச் சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கொடல் நோயில கெடந்த என் மருமகள நான் போட்ட பத்தியந்தான் காப்பாத்திச்சு." நான் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். சாமி சந்நிதியில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன்.

நடந்தது என்னவென்றால், என் கடைசி மகளைத் திரிங்காப்பில் கட்டிக்கொடுத்தேன். காய்கறி வியாபாரம் செய்கிற குடும்பம். வீட்டை ஒட்டியே பெரிய கொட்டகை. மலைச் சரிவிலிருந்து வரும் காய்களை அங்கே நிறுத்து, கூடை கட்டி, லோரியில் ஏற்றிக் கீழே அனுப்புவார்கள். மருமகன்தான் லோரி ஓட்டுவான். நல்ல பிள்ளை. அம்மா பேச்சைத் தாண்டாத பிள்ளை. அந்த இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் எங்களுக்கு வந்த வினை.

கல்யாணமான மறு வருடமே மகளுக்கு வயிறு கெட்டது. வலி, பேதி, அதோடு ரத்தம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலில் நீண்ட நாள் புண் நோய், க்ரோன் என்று பெயர், அடியோடு போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். மருந்தும் கொடுத்தார். சம்பந்தியம்மா அதற்கு மேலே தன் வைத்தியத்தையும் போட்டாள்.

"கொடல்ல புண்ணு இருக்கு. அதுமேல சோத்தக் கொட்டுனா எப்படி ஆறும்? வயித்தக் காயப்போடு, புண்ணு தானா காஞ்சிரும்."

நம் ஆட்களுக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்தால் பத்தியம்தானே முதல் மருந்து. ஒரு நாள் பேதிக்கு அது சரி. மாதக் கணக்கில் நோயில் கிடப்பவளுக்கு உப்பில்லாத அரிசிக் கஞ்சி காலையிலும், அதே கஞ்சி சாயங்காலத்திலும் கொடுத்தாள். முட்டை சூடு, மீன் கிரந்தி, கோழி ஆகாது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது தெரியுமா? சாப்பாடு குறைந்ததும் பேதியும் குறைந்தது. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே என்ன வரும்? "பாத்தியா, கேக்குது" என்றாள் மாமியார். சாப்பிட்டால் வலிக்குமே என்று பயந்திருந்த மகளும் தலையாட்டிவிட்டாள். எனக்குப் போன் பண்ணும்போதெல்லாம் "தேவலம்மா" என்பாள்.

பொங்கல் சீர் கொண்டுபோன அன்றுதான் பார்த்தேன். குளிர்ச்சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கொட்டகையில் என்னோடு பேசிக்கொண்டே நின்றவள், கால் வலுவில்லாமல் பக்கத்திலிருந்த தராசுப் பலகையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முள் ஆடி நின்றது. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, ஒரு கூடை கோபிஸ்கூட இதவிட வெயிட்டா இருக்கும்லா!"

கோபிஸ் என்றால் முட்டைக்கோஸ். சுமை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தரையெல்லாம் காய் உருண்டு கிடக்கிற வீட்டில் என் பிள்ளை பட்டினி.

"துணிய எடு. ஊட்டுக்குப் போலாம்" என்றேன்.

"என்னா சம்பந்தியம்மா இது? பத்தியம் நடுவுல முறியக் கூடாதுலா" என்றாள் அவள்.

"பத்தியம் முறியட்டும். என் மக முறிய வேணாம்."

ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு அன்றைக்கே டாக்சியில் கூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், குடலில் ஓர் இடம் சுருங்கிப்போயிருக்கிறது, அதை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். ஆனால் இப்போது கத்தி வைக்க மாட்டேன், இவ்வளவு வற்றிய உடம்பில் தையல் பிடிக்காது, முதலில் சதை வைக்கட்டும் என்றார். சதை வைப்பதற்குள் குடல் முழுக்க அடைத்துக்கொண்டால்? என்று கேட்டேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் இடத்துக்கு இப்போதே போங்கள் என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குப் புரிந்தது.

சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் இடத்தில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். கஞ்சியைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாக்சிக், லோரி மேடு ஏறும்போது டீசல் எண்ணெயைக் குறைப்பீங்களா?" என்று மலாயில் கேட்டாள். மாக்சிக் என்றால் அத்தை.

"குறைச்சா பாதியில நின்னுடும்" என்றேன்.

"இவங்க உடம்பு இப்ப மேடு ஏறுது. உள்ளே புண் எரியறதால, சும்மா படுத்திருந்தாலே நல்ல உடம்பைவிட அதிகமா செலவாகுது. தின்னதும் முழுசா ஒட்டறதில்லை. நீங்க கொடுக்கலேன்னா உடம்பு தன் சதையையே எடுத்து எரிச்சிக்கும்."

என் மகளின் சதையை யார் தின்றது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நோய் கொஞ்சம், பத்தியம் மீதி.

முட்டை, மீன், தோலில்லாத கோழி, குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு எல்லாம் கொடுக்கலாம். சுருங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளும் நார், தோல், கொட்டை, சோளம் கூடாது. ஒரே தடவையில் நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுக்க வேண்டும். நடுநடுவே ஆஸ்பத்திரி கொடுத்த சத்துப் பால். மருந்தை ஒரு வேளையும் விடக் கூடாது. அவ்வளவுதான் அவள் சொன்னது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் அந்தப் பிள்ளைக்கு என் ஆறு பிள்ளைகளின் ஆயுளும் சேர்ந்து கிடைக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்து, ஆறு பிள்ளைகளுக்கும் வேண்டுமே என்று பாதி மட்டும் சொல்லி வாழ்த்தினேன்.

சமைப்பது எளிது. ஊட்டுவதுதான் கஷ்டம். கரண்டியைக் கண்டாலே மகள் வாயை மூடினாள். சாப்பிட்டால் வலி வரும் என்று மனதில் ஊறிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது இது மாமாவுக்கு, இது அத்தைக்கு என்று சொல்லுவோமே, அதையே எடுத்தேன்.

"இந்தா, இந்த வாய் ஒன் மாமியா மூஞ்சில."

அவள் விழித்தாள்.

"இந்த மீனு அவ கஞ்சிப் பானையில. இந்த முட்ட அவ கோபிஸ் கூடையில."

"போம்மா, பாவம் அவங்க" என்றாள். ஆனால் வாய் திறந்தது; வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவளே கேட்க ஆரம்பித்தாள். "ம்மா, இந்த உருளக்கெழங்கு அவங்களுக்கு எங்க?" "தலையில" என்பேன். வாந்தி வந்த நாளும் உண்டு, வலியில் சுருண்ட நாளும் உண்டு. அப்போது அடுப்பைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வலி அடங்கியதும் மறுபடி கரண்டியை எடுப்பேன். என் கோபத்துக்குப் பசி அதிகம். அது சோர்ந்ததே இல்லை.

நடுவில் ஒருநாள் மருமகன் வந்தான். கையில் தூக்குச்சட்டி.

"அத்தே, அம்மா கஞ்சி குடுத்து விட்டாங்க. கோவிச்சிக்காதீங்க. அம்மா கெட்டவங்க இல்ல."

கெட்டவளாக இல்லாமலே ஒருத்தியைப் பட்டினி போட முடியும் என்பதை நான் பார்த்துவிட்டேன். கஞ்சியைக் கோழிகளுக்கு ஊற்றினேன். சட்டியைக் கழுவித் துடைத்து, மகள் தின்ற முட்டைகளின் ஓடுகளை நிரப்பி, மூடி போட்டு அவனிடமே கொடுத்தேன். "அம்மாகிட்ட குடுங்க மாப்பிள. பத்தியத்துக்குப் பதில் சீர்."

அறுவைக்கு வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே முடிவு செய்தேன். ஈப்போவுக்குத் தாப்பா பாதையிலும் இறங்கலாம், மேலே ஏறித் திரிங்காப் வழியாகவும் போகலாம். "திரிங்காப் வழியா போ" என்று டாக்சிக்காரரிடம் சொன்னேன். மகள் என் கையைப் பிடித்தாள். "வேணாம்மா." "நீ பேசாத. ஏறி நின்னா போதும்."

கொட்டகையில் லோரிக்குச் சுமை ஏறிக்கொண்டிருந்தது. மருமகன் ஓட்டும் இடத்தில் இருந்தான். அன்றைக்குச் சிரித்த ஆட்களும் இருந்தார்கள்.

"என்னா சம்பந்தியம்மா, சொல்லாமக் கொள்ளாம?" என்று மாமியார் எதிரே வந்தாள்.

"ஒங்க தராசுல கொஞ்சம் வேல இருக்கு." சிரித்தவர்களில் ஒருவனைப் பார்த்தேன். "தம்பி, மொதல்ல ஒரு கூட கோபிஸ ஏத்து."

ஏற்றினான். முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் என் விரலை வைத்தேன். கூடையை இறக்கச் சொன்னேன். மகள் ஏறினாள். முள் போனது, ஆடியது, என் விரலைத் தாண்டி நின்றது. ரொம்ப இல்லை. தாண்டியது, அது போதும்.

சம்பந்தியம்மா முள்ளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள் பாருங்கள்:

"வயித்தக் காயப்போட்டு அனுப்புனேன்லா, அதான் இப்ப தின்னது ஒட்டுது."

"அப்படியா? அப்ப நீங்களும் ஒரு வருஷம் காயப்போடுங்க. ஒங்க ஒடம்புக்கு நல்லது. தராசுதான் ஊட்டுலயே இருக்கே."

ஆட்கள் சிரித்தார்கள். இந்த முறை என் மகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மருமகன் லோரியை விட்டு இறங்கி வந்து டாக்சியின் பின்கதவைத் திறந்தான். "டேய், லோடு என்னாவறது?" என்று அம்மா கத்தினாள். "லோடு நிக்கும்மா" என்று சொல்லி, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

தையல் பிடித்தது. இப்போது இரண்டு பேரும் ரிங்லெட்டில் தனி வீட்டில் இருக்கிறார்கள். நோய் போகவில்லை, சில நேரம் தலைதூக்கும். அப்போது போனில் கூப்பிடுவாள். டாக்டரிடம் போ, மாத்திரையை விடாதே, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னு, நிறுத்தாதே என்பேன். "அவங்க தலையில போட்டுக்கிட்டுத்தாம்மா தின்றேன்" என்பாள். சிரிப்போம்.

இவ்வளவும் நடந்த பிறகு கோயிலில் உட்கார்ந்து, பத்தியம் காப்பாற்றியதாம்! வரும் திருவிழாச் சாப்பாட்டில் அவள் பக்கத்து இலையில்தான் நான் உட்காரப் போகிறேன். அதே பெண்கள் எதிர் வரிசையில் இருப்பார்கள். ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். தாளைப் பார்த்துப் படிக்க எனக்கு வராது. காதால் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்வேன்.

எழுதிட்டியா கண்ணு? எங்க, முதல்லேருந்து வாசி. நிதானமா வாசி. முள்ளு என் விரலத் தாண்டுற எடத்த மட்டும் ரெண்டு தரம் வாசி.